எத்தனை அடி தள்ளி நிற்பது?

பௌர்ணமி அன்று மாலை கோபுரத்துக்குப் பக்கத்தில் நிலா எழும்போது கோயில் வாசலில் பத்துப் பேராவது போனைத் தூக்குவார்கள். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த நிலா, படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. மறுநாள் நாளிதழைப் பிரித்தால் அதே கோபுரம், அதே நிலா. ஆனால் இங்கே கலசத்தையே விழுங்குகிற அளவுக்கு நிலா பெருத்திருக்கிறது. "பெரிய லென்ஸ் வெச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதி, படமெடுத்தவர் எங்கே போய் நின்றார் என்பதில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நிலாவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். நம்மிடமிருந்து அதன் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 110 வரும். அதாவது எந்தப் பொருளும் தன் அளவைப்போல் 110 மடங்கு தொலைவில் இருந்தால் நிலா அளவுக்குத்தான் தெரியும். கோணத்தில் சொன்னால் அரை பாகை. கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் நிலா அதற்குள் மறைந்து, இன்னொரு நிலாவுக்கும் இடம் மிஞ்சும். தொடுவானத்தில் நிலா பெரிதாகத் தோன்றுவது மூளை செய்யும் வேலை. உண்மையில் உச்சியில் இருக்கும்போதைவிட அப்போது அது நம்மிடமிருந்து சற்றுக் கூடுதல் தொலைவில், இம்மியளவு சிறியதாகவே இருக்கிறது. கேமராவுக்கு இந்த மயக்கம் கிடையாது.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி, ஏறக்குறைய 66 மீட்டர். பிராகாரத்தில் நூறு மீட்டர் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தால், உச்சிக்குப் பக்கத்தில் வரும் நிலா சுமார் ஒரு மீட்டர் அகலமுள்ள பொருளைத்தான் மறைக்கும். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தால் அதே நிலா 13, 14 மீட்டர் அகலத்தை மறைக்கும். கலசம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். ஏழு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் போனால் நிலாவும் விமானமும் ஒரே உயரம். இவ்வளவு நேரமும் நிலா வளரவில்லை. நாம் பின்வாங்கப் பின்வாங்க விமானம்தான் சிறுத்துக்கொண்டே வந்தது. நிலாவின் தொலைவோடு ஒப்பிட்டால் நாம் நடந்த ஏழு கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

இவ்வளவுக்கும் லென்ஸ் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வெறுங்கண்ணுக்கும் அந்த இடத்திலிருந்து காட்சி அப்படித்தான். ஆனால் அது வானத்தின் ஓரத்தில் கடுகளவாக இருக்கும். அந்தக் கடுகளவைப் பிடித்துத் தாள் முழுக்கப் பரப்புவதற்குத்தான் பெரிய லென்ஸ்.

ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஜன்னல் பெரிதானால் தெரு முழுக்கத் தெரியும்; சிறிதானால் எதிர்வீட்டுத் திண்ணை மட்டும் தெரியும். ஆனால் திண்ணைத் தூணும் அதற்குப் பின்னால் நிற்கும் தென்னையும் ஒன்றுக்கொன்று என்ன அளவில் தெரிகின்றன என்பது, ஜன்னலை எப்படி மாற்றினாலும் மாறாது. அது மாற நாம் எழுந்து நடந்தாக வேண்டும். லென்ஸ் இந்த ஜன்னல்தான். அருகிலிருப்பதும் தொலைவிலிருப்பதும் எந்த விகிதத்தில் தெரிகின்றன என்பதை ஓவியர்கள் பெர்ஸ்பெக்டிவ் என்பார்கள்; இங்கே அதைத் தோற்ற விகிதம் என்று வைத்துக்கொள்வோம். தோற்ற விகிதத்தைத் தீர்மானிப்பது நிற்கும் இடம் மட்டுமே.

லென்ஸ் மேல் 24, 50, 85, 200 என்று எழுதியிருக்கும் எண் குவியத் தொலைவு. வெகுதூரத்திலிருந்து வரும் ஒளி லென்ஸைக் கடந்து எத்தனை மில்லிமீட்டரில் ஒரு புள்ளியாகக் கூடுகிறது என்ற அளவு அது. இங்கும் நம் 110 உதவும். நிலாவின் பிம்பம் குவியத் தொலைவில் 110இல் ஒரு பங்கு அகலம் இருக்கும். 50 மி.மீ. லென்ஸில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, 600 மி.மீ. லென்ஸில் ஐந்தரை மில்லிமீட்டர். அது விழுகிற தளம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ளது. இந்த அளவு ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் கொடுத்தது. சினிமாப் பிலிம் சுருளைப் படுக்கவைத்து ஓட்டும் ஒரு சின்னக் கேமராவை அவர் செய்தார்; 1925இல் அது லைகா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நூறு வருடம் ஆகியும் உலகம் லென்ஸை அந்தச் சட்டகத்தை வைத்தே பேசுகிறது. போன் விளம்பரத்தில் வரும் '24 மி.மீ.' கூட அந்தக் கணக்குத்தான். உண்மையில் அந்தப் போன் லென்ஸின் குவியத் தொலைவு பெரும்பாலும் ஆறேழு மில்லிமீட்டரைத் தாண்டாது.

லென்ஸ் வெட்டித்தான் கொடுக்கிறது, தோற்ற விகிதத்தைத் தொடுவதில்லை என்பதற்கு என்ன சாட்சி? ஜூம் லென்ஸ் உள்ளவர்கள் ஒரே இடத்தில் நின்று 24இல் ஒன்றும் 200இல் ஒன்றுமாக எடுத்துப் பார்க்கலாம். முதல் படத்தின் நடுப்பகுதியைக் கத்தரித்துப் பெரிதாக்கினால், துல்லியம் குறைந்திருக்குமே தவிர, காட்சியமைப்பு இரண்டாவது படத்தோடு அச்சாகப் பொருந்தும். 2020இல் கொரோனா காலத்தில் இதுவே பொதுச் சண்டையானது. கடற்கரைகளிலும் வீதிகளிலும் மக்கள் நெருக்கியடித்து நிற்பதுபோன்ற படங்கள் வர, "இப்படியா இடைவெளி விடுவது" என்று ஒரு கூட்டம் கொதித்தது. டென்மார்க்கின் ரிட்சாவ் ஸ்கான்பிக்ஸ் படச் செய்தி நிறுவனத்துக்காக இரண்டு புகைப்படக்காரர்கள் கோபன்ஹேகனில் ஒரே வரிசையைத் தொலைவிலிருந்து பெரிய எண் கொண்ட, குறுகிய ஜன்னலான டெலி லென்ஸிலும் பக்கத்திலிருந்து சின்ன எண் கொண்ட, அகன்ற ஜன்னலான வைடு லென்ஸிலும் எடுத்து அருகருகே வைத்துக் காட்டினார்கள். முதல் படத்தில் ஆள் மேல் ஆள். இரண்டாவதில் தாராளமான இடைவெளி. இரண்டிலும் பொய் இல்லை. டெலி லென்ஸ் கூட்டத்தை நசுக்குகிறது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நசுக்கியது தொலைவு, லென்ஸ் அதைக் கத்தரித்துக் கொடுத்தது.

சினிமாக்காரர்கள் இரண்டையும் பிரித்தே காட்டிவிட்டார்கள். 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தில் கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் காவல் அதிகாரி சுறாவைக் கண்டு திடுக்கிடும் காட்சி நினைவிருக்கலாம். கேமரா அவரை நோக்கி ஓடுகிறது. அதே வேகத்தில் ஜூம் லென்ஸ் விரிகிறது. முகம் அதே அளவில் நிற்க, பின்னணி மட்டும் விலகி ஓடுகிறது. 1958இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' தொடங்கிவைத்த உத்தி இது. முகத்தின் அளவை லென்ஸ் காப்பாற்றுகிறது, பின்னணியைத் தொலைவு மாற்றுகிறது.

செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவது ஏன் என்ற கேள்விக்கும் இதுவே விடை. போன் முகத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து காது 12 சென்டிமீட்டர் பின்னால் இருப்பதாகக் கொண்டால், காதுக்குத் தொலைவு 42. காதோடு ஒப்பிட, மூக்கு 40 சதவீதம் பெரிதாகிவிடுகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் 150க்கு 162. வித்தியாசம் வெறும் 8 சதவீதம். அமெரிக்காவில் செல்ஃபியைக் காட்டி மூக்கைத் திருத்தச் சொல்லி வருகிறவர்களைப் பார்த்த அறுவை மருத்துவர்கள், 2018இல் கணித மாதிரி ஒன்றை வெளியிட்டார்கள். 12 அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும், ஐந்து அடியில் அந்தக் கோளாறு இராது என்பது அவர்கள் முடிவு.

இப்போது புகைப்படக்காரர்களிடம் போவோம். முகம் எடுக்கப் பிடித்த லென்ஸ் எது என்று கேட்டால், பத்தில் ஏழெட்டுப் பேர் 'எய்ட்டி ஃபைவ்' என்பார்கள். ஏன் என்றால் "முகம் அழகா வரும்" என்பார்கள். கணக்கு வேறு மொழியில் அதையே சொல்கிறது. தலையும் தோளும் சட்டகத்தை நிரப்ப வேண்டுமானால் 85 மி.மீ. லென்ஸோடு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 50 மி.மீ. என்றால் சுமார் 90 சென்டிமீட்டர், 24 மி.மீ. என்றால் மூக்கின் மேலேயே ஏற வேண்டியதுதான். ஒன்றரை மீட்டர் என்பது ஐந்து அடி, அந்த மருத்துவர்கள் சொன்ன அதே தூரம்! எண்பத்தைந்தில் அழகு சேர்க்கும் கண்ணாடி எதுவும் இல்லை. தன்னைப் பிடித்திருப்பவரை அது கண்ணியமான தூரத்துக்குத் தள்ளி நிறுத்துகிறது, அவ்வளவுதான். ஸ்டீவ் மெக்கரி 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் பச்சைக் கண் கொண்ட ஆப்கன் சிறுமியை எடுத்த படம், அடுத்த ஆண்டு ஜூன் மாத 'நேஷனல் ஜியாகிரஃபிக்' அட்டையில் வந்தது. அதை எடுத்தது நிக்கானின் 105 மி.மீ. லென்ஸில். அதே சட்டகத்துக்கு இன்னும் ஓர் அடி பின்னால் போக வேண்டும்.

ஆனால் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் போன்ற ஒரு புகைப்படக்காரர் வாழ்நாளின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸ் ஒன்றோடு கழித்ததற்கு என்ன சொல்வது? லைகாவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடா ஒட்டி மறைத்துக்கொண்டு தெருவில் நடந்தவர் அவர். காந்தியின் கடைசி நாட்களையும் இறுதி ஊர்வலத்தையும் எடுத்தவர். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். ஐம்பது மில்லிமீட்டரைப் புகைப்படப் பாடநூல்கள் 'இயல்பான லென்ஸ்' என்கின்றன. கண் பார்ப்பது போலவே பார்க்கிறது என்று ஒரு விளக்கமும் கூடவே வரும். அந்த விளக்கம் எனக்கு ஒருபோதும் ஒட்டியதில்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து பக்கவாட்டில் கிட்டத்தட்ட 180 பாகை பார்க்கின்றன, 50 மி.மீ. லென்ஸ் நாற்பது பாகைதான் பார்க்கிறது. சட்டகத்தின் மூலைவிட்டம் 43 மி.மீ., ஐம்பது அதற்குப் பக்கத்தில் என்பது இன்னொரு விளக்கம். உண்மைதான், ஆனால் மூலைவிட்டத்துக்கும் இயல்புக்கும் என்ன உறவு?

நல்ல விளக்கம் 2012இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எமிலி கூப்பர், எலீஸ் பியாட்சா, மார்ட்டின் பேங்க்ஸ் மூவரும் லென்ஸை விட்டுவிட்டு, படத்தைப் பார்க்கிறவரை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அதைப் பார்க்கச் சரியான ஓர் இடம் உண்டு. அங்கே கண்ணை வைத்தால், கேமரா நின்ற இடத்தில் நாமே நிற்பது போல் கோணங்கள் அனைத்தும் பொருந்தும். ஏ4 தாள் அளவுப் படம் என்றால், 24 மி.மீ. லென்ஸில் எடுத்ததை 20 சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். 50 மி.மீ. என்றால் நாற்பது சென்டிமீட்டர் சொச்சம். 200 மி.மீ. என்றால் சுவரில் மாட்டிவிட்டு ஒன்றரை மீட்டருக்கும் அப்பால் போக வேண்டும். மனிதர்கள் அப்படிச் செய்கிறார்களா? வெவ்வேறு லென்ஸில் எடுத்த படங்களைக் கொடுத்து, வசதியான தூரத்தில் நின்று பார்க்கச் சொன்னார்கள். படம் எந்த லென்ஸில் எடுத்தது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. படத்தின் அளவைப் பார்த்தே தூரத்தை வைத்துக்கொண்டார்கள். அந்தத் தூரம் ஐம்பது மில்லிமீட்டர் படத்துக்குச் சரியான இடமாக அமைந்துவிடுகிறது. கையில் பத்திரிகையைப் பிடித்துப் படிக்கும் தூரம்தானே நாற்பது சென்டிமீட்டர்! வைடு படத்தை இருக்க வேண்டியதைவிடத் தள்ளிப் பார்ப்பதால் அது இழுத்து நீட்டினாற்போல் தெரிகிறது. டெலி படத்தை மிகப் பக்கத்தில் பார்ப்பதால் தட்டையாகிறது. ஐம்பதின் இயல்பு, பார்க்கிறவரின் கை நீளத்தில் இருக்கிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். கல்யாண வீட்டுக் குழுப்படத்தில் ஓரத்தில் நிற்கும் மாமா இரண்டு மடங்கு பருத்திருப்பார். அவரைக் குறை சொல்ல வேண்டாம். வைடு லென்ஸின் அகன்ற காட்சியைத் தட்டையான தளத்தில் விரிக்கும்போது ஓரங்கள் வெளிப்பக்கமாக இழுபடும். படத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைப் படத்தின் நடுவுக்கு நேராக மிக நெருக்கத்தில் கொண்டுபோங்கள். ஓரத்தைச் சரிவாகப் பார்க்கிறோம், சரிவு அகலத்தைச் சுருக்குகிறது, மாமா பழையபடி ஆகிவிடுவார்.

இந்த இழுபடலை விரும்பியே எடுத்தவர்களும் உண்டு. கேரி வினோகிராண்ட் 28 மி.மீ. லென்ஸோடு நியூயார்க் நடைபாதைக் கூட்டத்துக்குள் புகுந்தார். ஜோசஃப் கூடெல்கா செக்கோஸ்லோவாக்கியாவின் ரோமா குடியிருப்புகளை 25 மி.மீ. லென்ஸில் எடுத்தார். சிறிய அறைக்குள் குடும்பம் முழுவதும் இருக்கும். பின்வாங்கச் சுவர் விடாது. அந்த லென்ஸில் ஒருவர் முகம் பெரிதாக விழ வேண்டுமானால் அவருடைய மூச்சுக்காற்று படும் தூரத்தில் நிற்க வேண்டும், அவர்களும் அதற்குச் சம்மதிக்க வேண்டும். நம் ஊர் முகூர்த்த மேடையில் விருந்தினருக்கு முதுகு காட்டி நிற்பவரிடம் இருப்பதும் அநேகமாக வைடு லென்ஸ்தான். எழுபது-இருநூறு ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர் மூன்றாம் வரிசைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருப்பார். அவருக்குச் சாபம் விழுவதில்லை.

பறவைகளை எடுப்பவர்களுக்குத் தூரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே கிடையாது. அதைப் பறவை முடிவு செய்கிறது. 17 சென்டிமீட்டர் நீளமுள்ள சிரல் மீன்கொத்தி 20 மீட்டருக்கு மேல் நெருங்க விடவில்லை என்றால், 600 மி.மீ. லென்ஸிலும் அது ஐந்து மில்லிமீட்டர் பிம்பம்தான், சட்டகத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால்தான் அவ்வளவு செலவழித்து வாங்கிய லென்ஸோடு மறைவிடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே ஒன்று உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். காட்டு விலங்குகளை நெருங்க அவர் நாடிய வழிகளில் ஒன்று, பழக்கிய யானையின் முதுகு. கறுப்பு வெள்ளையில் யானைகளை அவரைப்போல் எடுத்தவர் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

லென்ஸில் இன்னோர் எண்ணும் உண்டு. எஃப் 1.8, எஃப் 4 என்று எழுதியிருக்கும். குவியத் தொலைவை இந்த எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். 600 மி.மீ., எஃப் 4 என்றால் 150 மி.மீ. துளை. முன்கண்ணாடி அந்த அகலத்துக்குக் குறையக் கூடாது. எனவே அந்த லென்ஸ் மூன்று கிலோவைத் தாண்டுகிறது. துளை அகலமானால் ஒளி கூடும், ஆனால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும். துளையின் ஒவ்வொரு பகுதியும் காட்சியைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்கிறது. குவித்த தளத்தில் அந்தப் பார்வைகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. பின்னணியில் பொருந்தாமல் கலங்குகின்றன.

இதன் எல்லையைத் தொட்டவர் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். சந்திரனுக்குப் போகும் அப்பல்லோ திட்டத்துக்காக ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் 50 மி.மீ., எஃப் 0.7 லென்ஸ்கள் பத்து செய்தது. குப்ரிக் அவற்றில் மூன்றை வாங்கினார். 1975இல் வெளியான 'பேரி லிண்டன்' படத்தின் இரவுக் காட்சிகளை வெறும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுப்பதற்காக. துளை 71 மி.மீ. லென்ஸின் பின்முனை பிலிமை ஏறக்குறைய உரசும் அளவுக்கு வருவதால் கேமராவையே குடைந்து மாற்ற வேண்டியிருந்தது. நடிகர் சற்று முன்னால் சாய்ந்தாலும் முகம் கலங்கிவிடும். பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமரா வைத்து, அவர் எவ்வளவு நகர்கிறார் என்று பார்த்துப் பார்த்துக் குவியத்தைத் திருத்தினார்கள். சீட்டாட்ட மேசையில் அந்தப் பாத்திரங்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு அந்த நூற்றாண்டின் நாகரிகம் மட்டும் காரணமல்ல.

நேர் எதிர்த் திசையில் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸும் நண்பர்களும் 1932இல் 'எஃப் 64' என்றே பெயர் வைத்துக் குழு அமைத்தார்கள். காலடிக் கல்லிலிருந்து தொலைமலை வரை எல்லாமே கூர்மையாக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அவர்களுடைய பெரிய கேமராவில் 300 மி.மீ. லென்ஸை அந்த அளவுக்குச் சுருக்கினால் துளை ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. உங்கள் போனில் எஃப் 1.8 என்று போட்டிருக்கலாம். குவியத் தொலைவு ஆறேழு மில்லிமீட்டர்தான் என்பதால், வகுத்தால் துளை நான்கு மில்லிமீட்டரைத் தொடாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே துளை! போன் படத்தில் முன்னிருக்கும் ஆளும் பின்னிருக்கும் சுவரொட்டியும் ஒரே கூர்மையில் தெரிவது அதனால்தான்.

பின்னணியைக் கலக்க வேண்டுமென்றால் போன் கணக்குத்தான் போட வேண்டும். எது அருகில், எது தொலைவில் என்று இரண்டு லென்ஸ்களின் பார்வை வித்தியாசத்திலிருந்து ஊகித்து, தொலைவிலிருப்பதை மென்பொருள் மங்கலாக்குகிறது. பறக்கும் முடியிலும் மூக்குக் கண்ணாடி விளிம்பிலும் அது தடுமாறுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 2016இல் ஐபோன் 7 பிளஸில் இந்த 'போர்ட்ரெய்ட்' வசதி வந்தபோது, ஆப்பிள் அதற்கு அகன்ற லென்ஸை எடுத்துக்கொள்ளவில்லை. 56 மி.மீ.க்குச் சமமான இரண்டாவது லென்ஸைத்தான் எடுத்தது. அதில் முகம் சட்டகத்துக்குள் அடங்க எடுப்பவர் ஓரிரண்டு அடி பின்னால் போயாக வேண்டும். போகாமல் அடம்பிடித்தால் திரையிலேயே எழுத்து வரும்: தள்ளி நில்லுங்கள்.